மூன்று கேள்விக்கு ஒரு ஹரி

கோபம் ஆறிய பிறகு எழுது என்று என் கணவர் சேவியர் சொன்னார். ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் அப்படிச் சொன்னார். ஆகவே ஆறுவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஆக்னஸ். மாத்தளையில் இருக்கிறேன். மாவட்டத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருபது வருடமாகக் கிளார்க் வேலை. எந்த அலுவலகம், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் அங்கே மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று மற்ற இடத்துக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

வியாதிக்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹரி. சாமி பெயர் இல்லை. சிங்களத்தில் 'சரி' என்பதற்கு அதுதான் சொல். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் நம் ஆட்கள் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் எங்கள் கவுண்டரிலும் அதிகமாகச் சொல்வது இதைத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கடகடவென்று என்னவோ சொல்லிவிட்டு, கடைசியில் "ஹரித?" என்று கேட்பார். சரிதானே, விளங்கியதா என்று அர்த்தம். விளங்கினாலும் "ஹரி" என்பார்கள், விளங்காவிட்டாலும் "ஹரி" என்பார்கள். பிறகு வெளியே வந்து யாரையாவது பிடித்து, "என்னாங்க சொன்னாரு?" என்று கேட்பார்கள்.

அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். "விளங்கலன்னா விளங்கலன்னு சொல்ல வாய் இல்லையா? எதுக்கு ஹரி ஹரின்னு மண்டைய ஆட்டிட்டு வர்றீங்க?" என்று இருபது வருடம் அவர்களைத் திட்டியிருக்கிறேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை கடிதங்களைப் பதிந்து உரிய பிரிவுக்கு அனுப்புவது. மொழிபெயர்ப்பாளர் என்று தனியாக ஒரு பதவி உண்டு. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலி காலி. ஆள் எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை, ஏனென்றால் நான் இருந்தேன். ஒரு காதில் போன், விரல் கம்ப்யூட்டரில், எதிரே இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா, பின்னால் நிர்வாக அதிகாரி. அம்மா தமிழில் சொல்வதை அவர் சொல்லச் சொல்லவே சிங்களத்தில் அதிகாரிக்குச் சொல்வேன். அதே நேரம் போனில் கேட்ட இலக்கத்தைத் தட்டுவேன். மூன்றும் பிசகாது. "ஆக்னஸுக்கு ரெண்டு தலை" என்று அதிகாரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். என் பக்கத்து மேசை நிமல் நல்ல மனுசன். போன் அடித்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவைக் கீழே வைத்து, மூடியைப் போட்டுவிட்டுத்தான் எடுப்பார். அவர் அப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அவரிடம் இரண்டாவது வேலை கொடுப்பதில்லை. ஒருத்தருக்கு ஒரே நேரத்தில் மூன்று முடியும், ஒருத்தருக்கு ஒன்றுதான் முடியும். முடிகிறவள் தலையில் ஐந்தாக ஏற்றுவார்கள். இதில் என்ன பாராட்டு வேண்டிக் கிடக்கிறது?

தம்பி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இரத்தோட்டைக்குப் போய்விட்டு வரும்போது நடந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். வளைவில் மாடு நின்றது, டிரைவர் பிரேக் அடித்தார், என் தலை பக்கவாட்டில் இரும்புக் கம்பியில் போய் மோதியது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. எனக்கும் வெட்கம், சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து சித்தாலேபத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தலைவலி தொடங்கியது. கண்ணாடியைத் தேடிக்கொண்டு சேவியரிடம், "அந்தக் குடைய எங்க வச்சீங்க?" என்று கேட்டேன். அவர் குடையை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலையில் வாந்தி, இடது கை கொஞ்சம் மரத்தது போல இருந்தது. மகள் நிரோஷா அவசரமாக முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

தலையை ஸ்கேன் செய்தார்கள். மூளையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய் அடிபட்டுக் கிழிந்தால், ரத்தம் பாயாமல் ஊறும். நாள்கணக்கில் ஊறி, தேங்கி, மூளையை ஓரமாகத் தள்ளும். அதனால்தான் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தலையில் அடிபட்டால் ரத்தம் வரவில்லையே என்று சந்தோஷப்படாமல் டொக்டரிடம் போங்கள். என் தேக்கம் சிறியது, மண்டையைத் துளைக்க வேண்டாம், வைத்துப் பார்ப்போம் என்றார்கள். வைத்துப் பார்ப்பது என்றால் கட்டிலில் படுக்க வைத்து, மணிக்கொரு தடவை கண்ணில் டோர்ச் அடித்துப் பெயரென்ன, ஊரென்ன, இன்று என்ன கிழமை என்று கேட்பது. இரவுகளைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை. தூங்க விட்டால்தானே.

பக்கத்துக் கட்டிலில் ஹாஜரா ராத்தா. மாத்தளை டவுனில் வீட்டிலேயே ரோல்ஸ், பெட்டிஸ் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அடுப்படியில் மயங்கி விழுந்தார் என்று கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவர் கையில் தஸ்பீஹ் மணி, என் கையில் ஜெபமாலை. எனக்கு அந்த நாள்களில் பிசகாமல் முடிந்தது ஜெபமாலை ஒன்றுதான். எத்தனை சொன்னோம் என்ற கணக்கை மணியே வைத்துக்கொள்கிறது, தலை வைக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ ஒன்று போய்விட்டது. பழசு எதுவும் போகவில்லை. முதல் நற்கருணை வாங்கிய அன்று போட்டிருந்த சட்டையின் பொத்தான்கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் நர்ஸ் மிஸ் வந்து, "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தச் சிவப்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முதல், பிறகு இரத்தம் எடுக்க வருவார்கள், வெளியே போகாதீர்கள்" என்றால், அவர் திரும்புவதற்குள் எனக்குக் கடைசி வார்த்தைதான் மிஞ்சும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வரும்போது சேவியர் வழக்கம்போல, "சோறு கொண்டாந்துருக்கேன், தண்ணி டேங்க் ஒழுகுது, தம்பி போன் பண்ணுச்சு, ஒன் செருப்பு எங்க?" என்று ஒரே மூச்சில் அவிழ்ப்பார். நான், "செருப்பு கட்டிலுக்குக் கீழ" என்பேன். சோறு, டேங்க், தம்பி மூவரும் காற்றோடு போய்விடுவார்கள்.

மூன்றாம் நாள் ஓர் இளம் டொக்டர் வந்தார். நல்ல பிள்ளை, முகத்தில் தூக்கமே இல்லை. மறதியைச் சோதிக்கப் போகிறேன் என்றார். அவர் இலக்கங்கள் சொல்வார், கேட்டுவிட்டு நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு வேறு இலக்கங்கள் சொல்வார், அவற்றைக் கடைசியிலிருந்து முன்னுக்குச் சொல்ல வேண்டும். நேராகச் சொல்வது பிடித்து வைப்பது. தலைகீழாகச் சொல்வதற்குப் பிடித்து வைத்துக்கொண்டே அதைப் புரட்ட வேண்டும். இதற்குத்தான் செயல்நினைவு என்று பெயராம். அடுப்பில் சோறு கொதிக்கிறது, பக்கத்தில் பால் வைத்திருக்கிறோம், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். மூன்றையும் விடாமல் மனசில் பிடித்துக்கொண்டு கையையும் ஓட்டுகிறோமே, அந்தப் பிடிதான் அது. எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது, ஆளுக்கு ஆள் வித்தியாசம் என்று அவரே சொன்னார். இவ்வளவு அழகாகச் சொன்னவர் அடுத்து என்ன செய்தார் என்பதைக் கேளுங்கள்.

இலக்கங்களைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

"டொக்டர், தமிழில் சொல்ல யாராவது இருக்கிறார்களா?" என்று சிங்களத்தில்தான் கேட்டேன். அதுதான் நான் செய்த பிழை.

"அம்மா என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறீர்களே!" என்று சிரித்தார்.

பேசுகிறேன். இருபது வருடம் அதில்தான் பிழைக்கிறேன். ஆனால் எண்ணுவதும் ஜெபிப்பதும் திட்டுவதும் எனக்குத் தமிழில்தான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்பது சிங்களத்தில் பஹ, ஹய, ஹத, அட. நல்ல தலைக்கே ஒன்றின் மேல் ஒன்று உருளும். என் தலையோ உள்ளே ரத்தத்தை வைத்துக்கொண்டு கிடக்கிறது. நேராக ஐந்து இலக்கம் வரை போனேன். தலைகீழாக மூன்றில் நின்றுவிட்டேன். நான்கு இலக்க வரிசையை அவர் சொல்லி முடிக்கும்போது மிஸ் ஒருத்தர் கதவிலிருந்து அவரைக் கூப்பிட்டார், அவர் பையில் போன் வேறு அடித்தது. மிஸ்ஸுக்குப் பதில் சொல்லி, போனை அமத்திவிட்டுத் திரும்பினார். நான் இலக்கங்களைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

தான் சொன்ன நான்கு இலக்கம் அவருக்கே மறந்துவிட்டது! இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, சிரிப்பு முடிந்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் "ஹரி, ஹரி" என்று சொல்லி, மூன்று என்றே எழுதிவிட்டு ஹாஜரா ராத்தாவின் கட்டிலுக்குப் போனார்.

ராத்தாவும் நேராக ஐந்து, தலைகீழாக மூன்று. அப்படியே என் மார்க்ஸ். டொக்டர் போன பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டி இல்லாத குறையைத் தண்ணீர் குடித்துத் தீர்த்தார்.

"எனக்கு எப்பவுமே ஒரு நேரத்துல ஒண்டுதான் தங்கச்சி" என்றார். "ரோல்ஸ் சுருட்டுற நேரம் பேச்சே இல்ல. சுருட்டி முடிச்சாத்தான் அடுப்புப் பத்த வைப்பேன். ரெண்டையும் சேத்துச் செஞ்சா அண்டைக்கு முழுக்கக் கருகல்தான். எங்கட உம்மா, இவளுக்கு ஒரு கண்ணு ஒரு காது எண்டு ஏசுவாங்க. அல்லாஹ் தந்தது அவ்ளோதான், அதுல நல்லாத்தான் ஈக்கிறேன்."

"எனக்கு இப்படி இல்ல ராத்தா" என்றேன். "எனக்கு ரெண்டு தலை இருந்துச்சு." போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ராத்தா தன் மகன் கொண்டுவந்த மாம்பழத்தைத் தோல் சீவி, துண்டு போட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இரண்டாவது ஸ்கேனில் தேக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதே இளம் டொக்டர், கையில் கார்ட், பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். தலைவலி நின்றுவிட்டதா, முன்போல வேலை செய்ய முடியுமா, ஞாபக மறதி ஏதும் இருக்கிறதா, இந்த மாத்திரையைக் கிளினிக் வரும்வரை விடாமல் போட வேண்டும், ஹரித?

எனக்கு மாத்திரை மட்டும் பிடிபட்டது.

"ஹரி டொக்டர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கார்டைப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முறைப்பாடு ஒன்றும் இல்லை. ஞாபகசக்தி சாதாரணம். வேலைக்குத் திரும்பலாம். நான் சொன்ன ஒரேயொரு ஹரியை மூன்றாகக் கிழித்து மூன்று வரியில் ஒட்டியிருந்தார். முதலில் அவர் மேல் கோபம் வந்தது. பிறகு என் மேல் வந்தது. அது இன்னும் போகவில்லை. இருபது வருடம் நான் யார் யாரைத் திட்டினேனோ அவர்கள் எல்லோரும் ஒரு வேளை இப்படித்தான் சொன்னார்களோ? மொழி விளங்காமல் மட்டும் சொல்லவில்லையோ? ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டினால் பிடிக்க முடியாமல், கடைசியாக விழுந்ததைப் பிடித்துக்கொண்டு ஹரி என்றார்களோ? நான் அதைக் கேட்கவே இல்லை, வாய் இல்லையா என்று கேட்டேன்.

வீட்டில் இருந்த நாள்களில் பருப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மூன்றாம் தடவை நிரோஷா கையைப் பிடித்துவிட்டாள். அவள் பழைய கலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு வேலை என்று எழுதி, குசினிச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். முடிந்ததைக் கிழித்துப் போட வேண்டும். சேவியர் பேச்சை மாற்றிக்கொண்டார். முதலில் விரலைத் தூக்கிக் காட்டி, "ஒண்ணு" என்பார். ஒரு விஷயம் சொல்வார். நான் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பார். ஆயுள் முழுக்க என் மாமியாரால் செய்ய முடியாததை ஒரு பஸ் கம்பி செய்துவிட்டது. இதைச் சொன்னபோது அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

பார்க்க வந்தவர்கள்தான் பொறுக்க முடியவில்லை. "எனக்குந்தான் மறதி, நேத்துகூட சாவிய எங்க வச்சேன்னு தெரியல" என்பார்கள். "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்." எனக்கு நாற்பத்தாறு. ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கால் உடைந்தவளிடம் எனக்கும் நடந்தால் கால் வலிக்கிறது என்று யாராவது சொல்வார்களா? தயவுசெய்து சொல்லாதீர்கள். பிஸ்கட் வாங்கி வந்தால் வைத்துவிட்டுப் போங்கள்.

வேலைக்குப் போனேன். கார்டில் சாதாரணம் என்று இருக்கிறது, வீட்டில் இருக்க லீவு கிடையாது. முதல் வாரத்திலேயே இரண்டு கடிதம் வேறு பிரிவுக்குப் போனது. இரண்டாம் வாரம் லெட்சுமி வந்தாள்.

லெட்சுமி இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். பிறப்புச் சான்றிதழில் மகன் பெயர் ஓர் எழுத்துப் பிழையாக விழுந்துவிட்டது. அதைத் திருத்தாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது, அட்டை இல்லாமல் பிள்ளை பரீட்சை எழுத முடியாது. எதிரே அவள், பின்னால் அதிகாரி. புதன்கிழமை வரச் சொல் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அதே நேரம் போனில் யாரோ செவ்வாய்க்கிழமைக் கூட்டம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய ஆக்னஸ் என்றால் இரண்டு கிழமையும் இரண்டு அறையில் இருக்கும். இப்போது அறை ஒன்றுதான்.

"செவ்வாய்க்கிழம வாங்க" என்று லெட்சுமியிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள், திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை மறுபடியும் வந்தாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பெயர் விழுந்தால்தான் அந்த நாள் அவர்களுடையது. என்னால் அவளுக்கு ஒன்றுக்கு இரண்டு பேர் போய்விட்டது.

"என் பிழைதான் லெட்சுமி. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

"ஹரிங்க மிஸ், பரவால்லங்க" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மண்டையை ஆட்டிவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று பின்னேரம் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். பதினான்கு நாளில் பதில் தர வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் என் கோவையில், அதாவது என் பைலில், கவனயீனம் என்று ஏறும். இருபது வருடத்தில் என் கோவையில் அப்படி ஒரு தாள் கிடையாது.

"சேர், தலையில அடிபட்டதுக்குப் பிறகு எனக்கு ரெண்ட ஒண்ணாப் பிடிக்க முடியல" என்றேன்.

அவர் என் கார்டின் பிரதியை எடுத்துக் காட்டினார். "இதிலே நோர்மல் என்று இருக்கிறதே, ஆக்னஸ். டொக்டரைவிட உங்களுக்குத் தெரியுமா?" பிறகு குரலை இறக்கி, "மனசு வைத்தால் உங்களால் முடியும்" என்றார்.

என் மனசு என்ன, அவர் மேசை லாச்சியா, இழுத்தால் வருவதற்கு? இருபது வருடம் ஒரு நாற்காலிக்கு ஆள் எடுக்காமல் என் தலையை வைத்து ஓட்டினார்கள். தலை உடைந்ததும் மனசு வைக்கச் சொல்கிறார்கள். நிமலுக்கு இரண்டு வேலை முடியாது என்றால் அது அவர் சுபாவம். எனக்கு முடியாமல் போனால் அது கவனயீனம். வாசலுக்கு வந்து குடையை விரித்தேன். மழை இல்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

கிளினிக் நாள் விளக்கக் கடிதத்தின் பத்தாம் நாளில் வந்தது. அந்தக் கார்டைத் திருத்தாமல் வரக் கூடாது என்று இருந்தேன். சேவியர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் மரியாதையாக நடந்துகொள்ளச் சொல்வார். விடியற்காலையில் போய் நம்பர் எடுத்து, மர வாங்கில் உட்கார்ந்தேன். ஹாஜரா ராத்தாவுக்கும் அன்றுதான் கிளினிக். "ஏசப் போறியா?" என்று கேட்டார். "முகத்தப் பாத்தா தெரியுது. ஒண்டு சொல்றேன், ஒரு நேரத்துல ஒருத்தரத்தான் ஏசணும்." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதே இளம் டொக்டர். கொப்பியைத் திறந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவலி எப்படி, தூக்கம் வருகிறதா, வேலைக்குப் போகிறீர்கள்தானே, ஹரித?

"ஹரி நே, டொக்டர்" என்றேன்.

சரியில்லை. அவ்வளவுதான். அந்த மேசையில் யாரும் அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை போல. பேனா நின்றது, நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் மூன்று கேட்டீர்கள். எனக்குக் கடைசி ஒன்றுதான் கையில் இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னேன். "போன தடவையும் இப்படித்தான் கேட்டீர்கள். நான் கடைசிக்கு மட்டும் ஹரி சொன்னேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டீர்கள்."

அவர் கார்டைப் புரட்டினார். காது சிவந்தது. இதற்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். சிவக்காத காதுகளை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

"மொழிப் பிரச்சினையால் மார்க்ஸ் குறைந்திருக்கும் என்று நினைத்துத்தான் விட்டேன்" என்றார்.

"அப்படியானால் தமிழில் செய்யுங்கள்."

தமிழில் செய்ய அங்கே யாரும் இல்லை. அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர் பேனாவையே வாங்கி, ஒரு தாளில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இருபது வருடம் மற்றவர்களுக்குச் செய்த வேலையை என் பரீட்சைக்கும் நானே செய்தேன். அவர் அதைப் பார்த்து, "ஏலு, நாலு, ஒம்பது" என்று மெதுவாகப் படித்தார். ழ வராது, பரவாயில்லை. வெளியே மிஸ் கூப்பிட்டபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார்.

நேராக ஆறு. தலைகீழாக மூன்று. நான்கை மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் நடுவில் ஒன்று நழுவியது. உள்ளூர எனக்கு ஒரு நப்பாசை இருந்தது, எல்லாம் சிங்கள இலக்கத்தால் வந்த குழப்பம், தமிழில் கேட்டால் பழைய தலை திரும்பி வந்துவிடும் என்று. வரவில்லை. அந்த மேசைக்கு முன்னால் அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

அவர் தாளைப் பார்த்து, "ஆனால் அம்மா, இதுவும் சாதாரண அளவுக்குள்தான் இருக்கிறது" என்றார்.

"யாருடைய சாதாரணம்?" என்றேன். "வெளியே வாங்கில் ஹாஜரா என்று ஒருத்தர் இருக்கிறார். வார்டில் நீங்கள் சோதித்தபோது எனக்கும் அவருக்கும் ஒரே மார்க்ஸ். அவருக்கு அது பிறந்ததிலிருந்து உள்ள உயரம். எனக்கு அது காலை வெட்டிய பிறகு உள்ள உயரம். இரண்டு பேரையும் ஒரே கோலால் அளந்து ஒரே மாதிரி என்று எழுதுகிறீர்கள். முன்னால் நான் எவ்வளவு இருந்தேன் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?"

அவர் கேட்கவில்லை. இப்போது கேட்டார். போன், கம்ப்யூட்டர், தோட்டத்து அம்மா, அதிகாரி எல்லாவற்றையும் சொன்னேன். லெட்சுமியின் இரண்டு பேரையும் சொன்னேன். குறுக்கே ஒரு கேள்வியும் போடாமல் கேட்டார். இப்படிப்பட்ட அடிக்குப் பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது, உங்களுக்கு எது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதுவரை எனக்கு யாரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி, வழக்கம்போல, "ஹரித?" என்றார்.

எடுத்துப் படித்தேன். ஒரு தடவை படித்தால் முதல் வரி போய்விடுகிறது. மூன்று தடவை படித்தேன். கதவடியில் சனம் முணுமுணுத்தது. "நோனா, இக்மன் கரன்ன" என்று ஒருத்தர் அவசரப்படுத்தினார். நான் திரும்பவில்லை. சோதனை அளவு சராசரிக்குள் இருந்தாலும் இவரது முந்தைய நிலையோடு பார்க்கையில் சிறிய குறைவு உண்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுக்கப்பட வேண்டும் என்று இருந்தது.

"இந்தச் 'சிறிய' என்பதை வெட்டுங்கள்" என்றேன்.

வெட்டினார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"இப்போது ஹரி" என்றேன்.

அதிகாரி அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது நல்ல செய்தி இருக்குமோ என்று. விளக்கக் கடிதம் கோவைக்குப் போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் நாற்காலி இன்னும் காலிதான், என் மேசையிலிருந்து போனையும் யாரும் எடுக்கவில்லை. தலைகீழாக நான்கு இலக்கம் இன்னும் வரவில்லை. நிரோஷா வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறாள்.

போன திங்கட்கிழமை லெட்சுமி மகனின் திருத்திய சான்றிதழை வாங்க வந்தாள். இன்னும் ஒரு பேரை விட்டுவிட்டு வந்திருந்தாள். அதை அடையாள அட்டைக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஹரிங்க மிஸ்" என்றாள்.

"ஹரி வேணாம். என்னா வெளங்குச்சு, திருப்பிச் சொல்லுங்க."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கிக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். முதல் விரலிலேயே போன் அடித்தது. நிமல் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே அதிகாரியும் பார்த்தார்.

"மிஸ், போன் அடிக்குதுங்க" என்றாள் லெட்சுமி.

"அடிக்கட்டும்" என்றேன். "நீங்க சொல்லுங்க."